சாமி இல்லாத மலைக்கு அண்ணனைக் கூட்டிப்போனேன், மதினி

என் வசந்தா மதினிக்கு,

மீசைப்புலிமலைக்குப் போய்விட்டு வந்துவிட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "போனீகளா இல்லையா, அதச் சொல்லு தெய்வான" என்று என்னைப் பிடுங்கி எடுப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரரும் வந்தார். ஆமாம், என் அண்ணனேதான்.

நினைவிருக்கிறதா? போனில் அந்த மலையின் வீடியோவைப் பார்த்துவிட்டு, "பேருலயே மீசை இருக்கு, ஒங்கண்ணனுக்குப் பொருத்தம்" என்று சிரித்தீர்கள். மறுவாரமே மூன்று பேருக்கும் ஷூ வாங்கி வந்துவிட்டீர்கள். ஆயுசு முழுக்க ரப்பர் செருப்போடு பஸ் ஓட்டிய மனுஷனுக்கு ஷூவா என்று நான் கேலி செய்தேன். அடுத்த மாதம் நீங்கள் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள், ஆட்டோ பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதிலும் உங்களுக்கு அவசரம்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், டிவி போட்டால் பார்ப்பார். யாராவது உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். பத்து மாதமாக அவர் வாயிலிருந்து உங்கள் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. இருக்கிற ஒரே அண்ணனும் இப்படியே கைவிட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது, மதினி. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மலைக்குப் போவோம் என்றேன். "துக்க வீடு. வருசம் திரும்பாம மலை ஏறக்கூடாது" என்றார். அதற்காகவே இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்காமல் வீட்டில் கிடந்தவர் ஆயிற்றே. "அது சாமி இருக்குற மலைக்குண்ணே. அங்குட்டு மேல கோயில் இல்ல, ஒன்னுமில்ல. வெறும் புல்லுதான்" என்று அடித்துப் பேசினேன். நேரில் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி! என் தொல்லை தாங்காமல் தலையை ஆட்டினார். ஷூவை மட்டும் தொடவே இல்லை. நான்தான் என் பையில் வைத்து எடுத்துப்போனேன்.

மூணாறில் தங்கி, காலையில் ஜீப்பில் முகாமுக்குப் போனோம். வழிகாட்டியாக வந்தவள் செல்வி, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண். எங்களோடு இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்தவள், அண்ணனின் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வெறுங்கால்! குன்றக்குடிக் கோயில் மலையடிவாரத்தில் விடுவதுபோல, செருப்பை ஜீப்பிலேயே கழற்றிவிட்டு இறங்கியிருக்கிறார்.

"ஐயா, ஷூ எங்க?"

"மலை ஏறயில செருப்புப் போடுறதாம்மா?"

"மேல சாமி இல்லீங்கய்யா, ரத்தம் குடிக்கிற அட்டைதான் இருக்கு. ஷூ இல்லன்னா கூட்டிட்டுப் போக முடியாது. நீங்க இங்கயே இருந்துக்கங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சாமி இல்லாத மலை உண்டாத்தா?"

சாமி உண்டு என்றால் துக்க வீட்டுக்காரர் ஏறமாட்டார். இல்லை என்றால் நீங்கள் வாங்கிய ஷூவில் காலை நுழைக்க வேண்டும். எதைச் சொல்வேன்? பையிலிருந்து ஷூவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். கயிறு கட்டத் தெரியவில்லை, செல்விதான் குனிந்து கட்டிவிட்டாள். அளவு கச்சிதம், மதினி. கடையில் எப்படிச் சொல்லி வாங்கினீர்கள்? அவர் தூங்கும்போது காலை அளந்தீர்களா?

ஏறத் தொடங்கிய பிறகு அண்ணனுக்கு ஒன்றுமில்லை. பழனிக்கு நடந்த கால் அல்லவா? எனக்குத்தான் கடைசி ஏற்றத்தில் மூச்சு முட்டியது. புல்லில் உட்கார்ந்துவிட்டேன். மேகம் இறங்கினால் எல்லாரும் திரும்ப வேண்டியதுதான் என்றாள் செல்வி. முன்னால் போய்விட்ட அண்ணன் திரும்பி இறங்கி வந்தார்.

"எந்திரி. நெனச்ச எடத்துல எறங்க இது டவுன் பஸ்ஸா?"

பத்து மாதத்துக்குப் பிறகு ஒரு கிண்டல்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவரைத் தேற்றுவதற்காக வந்தவள் நான்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இவ இருந்தா இந்நேரம் போட்டோ எடு, போட்டோ எடுன்னு உசுர வாங்கியிருப்பா."

பேச்சு அதோடு நின்றுவிடக் கூடாதே! தெரிந்துகொண்டே, "யாருண்ணே?" என்றேன்.

"வேற யாரு? வசந்தாதான்."

சொல்லிவிட்டு அழுதார், மதினி. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாத மனுஷன், மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். செல்வி மற்றவர்களை அங்குட்டு அழைத்துப்போய் வரையாடு காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு என்றைக்கும் நல்லது நடக்கட்டும். நானும் அழுதேன். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

திரும்பி வரும்போது போடி இறக்கத்தில் பேச ஆரம்பித்தவர் மேலூர் தாண்டியும் நிறுத்தவில்லை. எல்லாம் உங்களைப் பற்றித்தான். என் குழம்பில் புளி தூக்கல் என்று பத்து வருஷமாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்களாமே? என்னிடம் மட்டும் ருசி என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டீர்களே! இருக்கட்டும், அதையும் மன்னித்தேன். என் அண்ணனை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது நீங்கள்தான். இத்தனை வருஷம் அவரோடு வாழ்ந்ததற்கும், இப்போது என்னிடம் திருப்பித் தந்ததற்கும் நன்றி, மதினி.

இப்போது தினமும் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். உங்களைப் பற்றி ஏதாவது சொல்கிறார். நேற்று சொன்னதையே இன்றும் சொல்கிறார். எத்தனை தடவை சொன்னாலும், அப்போதுதான் கேட்பதுபோல, "பெறகு என்னண்ணே ஆச்சு?" என்று கேட்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

புளியைக் குறைத்துக்கொண்ட
உங்கள் நாத்தனார்,
தெய்வானை
செக்காலை, காரைக்குடி