கிடா துளுக்கவில்லை

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். நிலக்கடலைப் பாலில் தயிர் உறைய வைத்தது இந்த முறையும் சரியாக வரவில்லை. மேலே தண்ணீர், கீழே களிம்பு. வீட்டுக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னொரு ஸ்டென்ட்டே வெச்சுக்கலாம்" என்றார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

கறி, முட்டை, பால், நெய் எல்லாம் நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. டாக்டர் சொன்னது கறியையும் நெய்யையும் குறைக்கத்தான். மீதியை நிறுத்தியது நான். படித்த கட்டுரைகளில் பாதியை நம்புகிறேன். வாட்ஸப்பில் வருகிற வீடியோ எதையும் நம்பவில்லை. அவர் நெஞ்சுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும்போது பாதி நம்பிக்கை போதும் என்று தோன்றியது.

எங்கள் கோழிப் பண்ணையிலிருந்து கீறல் முட்டைத் தட்டு இன்றும் வாசலில். விற்க முடியாத முட்டைதான் பண்ணைக்காரர் வீட்டுக்கு வரும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். "பழக்கத்துல கொண்டாந்துட்டனுங்க்கா," என்றாள் செல்வி. ஷெட்டில் முட்டை பொறுக்குகிறவள். அவளையே எடுத்துப் போகச் சொன்னேன். அவள் முகத்தில் பாவம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

வாங்க: கொள்ளு, கம்பு, தட்டப்பயறு, எள்ளு. கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்குக் கண்ணாடித் தகடுகள் போதவில்லை, துறைத்தலைவரிடம் சொல்ல.

மார்ச் 5, வியாழன்

மகனைப் பார்க்கச் சேந்தமங்கலத்திலிருந்து அத்தை வந்துவிட்டார். சின்ன வண்டியில், கூடவே ஒரு கிடா. கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை கருப்பணார் கோயிலில் வெட்டு.

கிடாவுக்குப் பதில் அன்னதானம் செய்யலாமே, தேங்காய் உடைக்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கெடான்னு சொல்லிப்போட்டு தேங்கா ஒடச்சா, அவரு என்ன வெவரந் தெரியாதவரா?"

"இவருக்குக் கறி ஆகாதுங்க அத்தை."

"வேண்டுனது நீதான கண்ணு? நானா வேண்டுனேன்?"

உண்மை. மார்கழியில் சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில், அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன கதவைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டுச் சொன்னவள் நான்தான். ஒரு கிடா தருகிறேன், இவரைத் திருப்பிக் கொடு. இருபத்துமூன்று வருடமாக விலங்கியல் நடத்துகிறவள். பக்கத்தில் அத்தை இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

யாருக்காக வேண்டினோமோ அவர்தான் அந்தக் கறியில் முதல் வாய் தின்ன வேண்டுமாம். இல்லையென்றால் வேண்டுதல் சேராது.

கேட்டதிலிருந்து அவருக்கு உற்சாகம். சாயங்காலம் அவராகவே பேரம் பேசினார். "அன்னிக்கு ஒரு நாளு. அப்பறம் சாகற மட்டும் நீ போடற தழையத் திங்கறேன். போதுமா?"

சரி என்றேன். 'சாகற மட்டும்' என்ற சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 7, சனி

கல்லூரி அரை நாள். கீரைத் தண்டு, அரசாணிக்காய்த் தோல் எல்லாம் இப்போது கிடாவுக்கு. பார்த்ததும் கத்துகிறது. பேர் வைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியம் அவருக்குச் சோறு கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தீவன ரூமில் அடுப்பு, வாணலி, மிளகுத்தூள். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "அய்யாவுக்கு ஆப்பாயில் ஒன்னே ஒன்னுதானுங்க்கா. நித்தமும் இல்லீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் போல.

"லோடு லோடா ஊருக்கெல்லாம் அனுப்பறேன். என்ற ஊட்டுக்குள்ள மட்டும் அது ஆகாதுங்கற. அப்ப நான் என்ன வெசமா விக்கறேன்?"

இந்தச் சாப்பாடு அவர் இதயத்துக்காக என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அவர் தன்மேல் ஒரு தீர்ப்பாக எடுத்திருக்கிறார். கோயமுத்தூர் வியாபாரி ஒருவர், "பண்ணக்காரரு ஊட்ல பயறுக் கடைசலாமா?" என்று சிரித்தாராம். அதையும் இன்றுதான் சொன்னார்.

கொள்ளு ரசம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலில் நிழலே இல்லை. பங்காளி வீட்டார் எல்லாம் வந்திருந்தார்கள்.

பூசாரி கிடாவின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று, வெட்டலாம். துளுக்குவது என்பார்கள். எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உதறவில்லை. மறுபடியும் ஊற்றினார். என் பக்கம் திரும்பிப் பார்த்தது, கீரைத் தண்டு இருக்கிறதா என்று.

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "காதுல கொஞ்சம் ஊத்தி உடுங்க பூசாரி, நேரமாவுது. பசிக்குது."

"காதுல ஊத்துனா எந்தக் கெடாவுந்தான் துளுக்கும். அது சாமி உத்தரவாவுமா? உன்ற பசி உத்தரவு." பூசாரிக்குக் கோபம்.

மூன்றாம் முறையும் இல்லை. அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. பூசாரி சொன்னார்: "ஊட்ல யாருக்கோ மனசு ஒப்பல. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. வேண்டுனவிய கையாலயே தண்ணி ஊத்தட்டும்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தார்கள்.

கிடா அதே வண்டியில் திரும்பியது. சமைக்க வந்தவர்கள் தக்காளிச் சோறு கிளறினார்கள். காரில் அவர் கேட்டார், "நீ என்ன வேண்டிக்கிட்ட?"

"ஒன்னுமில்லீங்க."

பொய். மூன்று முறையும் மனசுக்குள் சொன்னேன்: துளுக்காதே.

மார்ச் 9, திங்கள்

தேர்வு மேற்பார்வை. ஒன்றும் மனதில் ஏறவில்லை. நம்பாதவள் எதற்காகக் கேட்டேன்? ஆஸ்பத்திரியில் கேட்டது கிடைத்தது டாக்டரால் என்றால், நேற்றுக் கேட்டது கிடைத்தது வெயிலால். அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்த வாக்கைப் பாதியில் திரும்பக் கேட்டிருக்கிறேன், அதுவும் எந்த உயிருக்காகக் கொடுத்தேனோ அதையே பணயம் வைத்து.

அத்தை ஊருக்குப் போகவில்லை. என்னோடு அதிகம் பேச்சில்லை.

மார்ச் 11, புதன்

விடியும்போது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் இறுக்கம். "கேஸா இருக்கும்," என்றார், கை அங்கேயே இருந்தது. உடனே சேலம் கிளம்பினோம். ஈசிஜியில் மாற்றம் இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் இல்லை. ஒரு மாத்திரை கூட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். மன உளைச்சல் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

வீட்டில் அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். சாமி குற்றம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரக்காப்பி போட்டுக் கொடுத்தார், பால் இல்லாமல், தானாகவே.

ராத்திரி அவர் களியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கொள்ளு ரசம் இரண்டு கரண்டி. தட்டில் ஒன்றும் மீதியில்லை. இதற்காகத்தானே இத்தனை நாளும் மல்லுக்கு நின்றேன். பயந்த மனிதர் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார், என்னைப் பார்க்காமல். அந்த ஆப்பாயிலையே தின்னட்டும் போல இருந்தது.

அப்புறம் மெதுவாக, "ஞாயித்துக்கெழம துளுக்குமா?" என்று கேட்டார்.

"துளுக்கும்ங்க."

"எப்படிச் சொல்ற?"

எழுந்து பின்கட்டுக்குப் போனேன். அங்கே கிடா தண்டு மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தடவினேன். உள்ளே மெல்லிய மயிர், சூடு. விரல் பட்டதற்கே தலையை உதறியது. சொம்பு என் கையில்தான் இருக்கும். பூசாரி முதுகுப் பக்கம் நிற்பார். காதுக்குள் இரண்டு சொட்டு விழுவது அவருக்குத் தெரியாது.