மாதா கூண்டின் வலது பக்கம்

கிளாரா,

முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். ராத்திரி நீ தொடாத சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். சாவி அரிசிப் பானை மேல் இருக்கிறது.

மேஜைமேல் இருக்கும் கம்பிச் சீப்பைப் பாப்பா எடுத்துத் தலை வாராமல் பார்த்துக்கொள். டூல் ரூமில் கேட்டு வாங்கி வந்தேன். மரத்தில் வைத்து அழுத்தினால், மேடான இடத்தில் கம்பிகள் பின்னால் தள்ளிப் போகும், பள்ளத்தில் முன்னாலேயே நிற்கும். மரத்தின் வளைவு அப்படியே பதிந்துவிடும். மாதா கூண்டின் வலது பக்க பீடிங்கை, அந்த ஓரத்து வளைவுப் பட்டையை, அதில் எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளைப்பாக்கத்து அத்தை வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது உடைந்த இடது பக்கத்தை, ஆசாரி இருதயசாமி இதைப் பார்த்தே செய்துவிடலாம். சீப்பைத் திருப்பிப் போட்டு வரையச் சொல். இல்லாவிட்டால் அதுவும் வலது பக்கமாகவே வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாமியார் வீடு மந்திரிக்க வருவதற்குள் முடிந்துவிடும்.

"ரெண்டு பக்கமும் இழைச்சி மொட்டையாக்கிடலாம்" என்று நேற்று நான் சொன்னது இனி வேண்டாம். "எங்கம்மா கும்பிட்ட கூண்டுய்யா, இன்னா உங்க கம்பெனி சாமான்னு நெனச்சிக்கினியா?" என்று கேட்டாயே, சரியான கேள்வி.

லாசர்

மறந்துவிட்டேன்: பீடிங்கின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் சீப்பு வேறு வளைவு காட்டியது. அங்கே மரம் தேய்ந்து லேசான பள்ளம். ஆசாரி, "இத்தயும் சமமாக்கிடட்டா, ம்மா?" என்பார். விடாதே. அத்தை ஜெபமாலை சொல்லும்போது பிடித்துக்கொண்டு நின்ற இடம் அது. உன் கட்டைவிரலை வைத்துப் பார், பொருந்தும்.