தேக்கா திரையில் என் மொட்டைத்தலை

அக்டோபர் 5, ஞாயிறு

இன்றும் வீடியோவில் முகம் காட்டவில்லை. இங்கே கண்டிகையில் டவர் சரியில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிங்கப்பூரிலிருந்து ஞாயிறன்றுதான் சாவகாசமாகப் பேசுகிறார். அதிலும் பொய்.

திருத்தணியில் போட்ட மொட்டையை முக்காட்டில் மறைத்தால் மட்டும் விடுவாரா? எங்கள் வீட்டில் பெண்கள் பூமுடிதான் கொடுப்போம், மூன்று கொத்து கத்தரிப்பதோடு சரி. முழு மொட்டை என்றால் முருகனிடம் உயிரைக் கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம். சின்ன வயதில் இவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது மாமியார் அப்படித்தான் கொடுத்தார்.

மார்பில் கட்டி என்று சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார். திரும்பச் சேர்ப்பார்களா? முதலில் டெஸ்ட் முடிவு வரட்டும். மகள் மோனிஷாவிடம் அவள் பரீட்சைக்கு வேண்டுதல் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

முடிவு வரவில்லை. கட்டியிலிருந்து எடுத்த சதையைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று இவரே வீடியோ வேண்டாம் என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டார், வைத்துவிட்டார். தப்பித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மோனிஷா கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாய் போனை நீட்டினாள். "அம்மா, நீ ஸ்டாராயிட்டம்மா!"

நான்தான். மலைப்படி, சந்தனம் பூசிய மொட்டை. மொட்டை போட்ட அன்றைக்கு அரசாங்கச் சுற்றுலா விளம்பரம் எடுக்க வந்தவர்கள் பிடித்த படம். "உங்க முகத்துல என்ன ஒரு அமைதிம்மா!" என்றாள் அந்தச் சென்னைப் பெண். பயத்தில் செத்துப்போன முகம் அது. வெளிநாட்டில் போடுவோம் என்றாள், கையெழுத்துப் போட்டேன். வெளிநாடு என்றால் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் இருப்பது நம் ஜனங்கள்தானே, அவர்களுக்கு எதற்குத் திருத்தணி விளம்பரம்?

எங்கெங்கே ஓடுகிறது என்று மோனிஷா படித்தாள். லண்டன், துபாய், சிங்கப்பூரில் தேக்கா பக்கம் பெரிய திரை.

தேக்கா! ஞாயிறானால் இவர் காய்கறி வாங்கப் போகும் இடம்.

அக்டோபர் 16, வியாழன்

என் தலையைக் கடல் தாண்டி அனுப்ப அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது. என் சதைத்துணுக்கு சென்னைக்குப் போய்த் திரும்பத்தான் வழியில்லை. நன்றாயிருக்கிறது நியாயம்.

அக்டோபர் 18, சனி

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்த பக்கத்துவீட்டு வள்ளியம்மாளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "சொல்லிடுக்கா. அவுரா பாத்துட்டு கேட்டா இன்னா பண்ணுவ?" என்கிறாள். போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையிலிருந்து போன் இல்லை. பார்த்திருப்பார். இல்லை, தீபாவளிக் கூட்டத்தில் யார் நின்று திரையைப் பார்ப்பார்கள்? முறுக்கு மாவில் உப்புப் போட்டேனா, தெரியவில்லை. பார்த்துவிட்டு எங்கேயாவது மயங்கி விழுந்திருந்தால்— ஐயோ, முருகா, நான் இன்னா பண்ணுவேன்!

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வீடியோவில்தான் கூப்பிட்டார்.

"முக்காட எடு கன்னி."

எடுத்தேன்.

"நேத்து இல்ல, அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமையே பாத்துட்டேன். திரும்பத் திரும்ப வந்துகினே இருந்துது. எடத்தவிட்டு நவுர முடில."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவியே."

இத்தனை நாள் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மோனிஷா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

முடிவு வந்தது. அதுதான். ஆரம்ப நிலையாம்.

இவரும் கேட்கட்டும் என்று போனை டாக்டரம்மாவின் மேசைமேல் நிறுத்தி வைத்திருந்தேன். அடுத்த வாரம் வருகிறாராம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்து ஏற்றினால் முடியெல்லாம் கொட்டிவிடும், அதற்குப் பயப்படாதீர்கள் என்றார் டாக்டரம்மா.

"அத்த ஏற்கெனவே முருகனாண்ட குட்த்துட்டா மேடம்" என்றார் இவர் போனிலிருந்து.

நான் முக்காட்டை விலக்கிக் காட்டினேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பஸ் ஏறியதும் பயம் திரும்ப வந்துவிட்டது. இவர் போனை வைக்கவேயில்லை. கண்டிகை வரைக்கும் டவர் நன்றாகவே கிடைத்தது.