ரீச்சர் சொன்னதும் நான் சொன்னதும்

மோர்னிங்சைட்
28 ஏப்ரல் 2025, திங்கள் காலை

என் செல்லம் ஷெரோமிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நான் ஐந்தரைக்கு வேலைக்குப் போகும்போது நீ நித்திரை. திரும்பி வந்தால் உன் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. தட்டினால் "படிக்கிறன் அம்மா" என்ற சத்தம் மட்டும்தான் வெளியே வருகிறது. போனில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் இதை ரைஸ் குக்கருக்குக் கீழே வைக்கிறேன். பசித்தால் எப்படியும் அங்கே வருவாய்.

போன வியாழன் உன் கணக்கு ரீச்சரைச் சந்தித்துவிட்டு வந்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை. அவர் இங்கிலீசில் எவ்வளவு நேரம் பேசினார்! நீயோ "எல்லாம் நல்லாத்தான் போகுதாம் அம்மா" என்று ஒரே வரியில் தமிழில் சொல்லி முடித்துவிட்டாய். நல்ல செய்தி சொன்ன பிள்ளைக்கு ஏன் முகம் வெளிறியது?

நீ பள்ளிக்கூடம் முடிப்பதைக் கொண்டாட, எங்கள் பில்டிங் புனிதவதி அன்ரி கீழ்த்தளத்துப் பார்ட்டி ரூமை ஜூன் 28க்குப் பதிந்துவிட்டார். அறுபது பேராம். "எங்கட பில்டிங்கில நேர்சிங் படிக்கப் போற முதல் பிள்ளை" என்று லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

இன்று மாலை எனக்கு மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி. புட்டு இருக்கிறது. ஏதாவது சொல்ல இருந்தால் எழுது, பிள்ளை.

அன்புடன்,
அம்மா

---

29 ஏப்ரல், செவ்வாய்

அம்மாவுக்கு,

நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

ரீச்சர் சொன்னது வேறு. எனக்கு இதுவரை நாற்பத்தொரு புள்ளிதான். ஐம்பது எடுக்காவிட்டால் பதினோராம் வகுப்புக் கணக்குக் கிரெடிட் கிடைக்காது. அது இல்லாமல் பள்ளிக்கூடம் முடித்ததற்கான டிப்ளோமா தரமாட்டார்கள். டிப்ளோமா இல்லாவிட்டால் கொலிஜில் கிடைத்த நேர்சிங் இடமும் போய்விடும். போன வருடமும் இதே பாடத்தில் பெயில்தான். "டைம்டேபிள் மாறிட்டுது" என்று உங்களுக்குப் பொய் சொன்னேன்.

வங்கியில், டொக்டரிடம், வீட்டுக்காரரிடம், பத்து வயதிலிருந்து நான்தான் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன். ஒரு நாளும் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. அன்றைக்குத்தான் மாற்றினேன். நீங்கள் அந்த ரீச்சரின் கையைப் பிடித்து "தாங்க்யூ, தாங்க்யூ" என்று இரண்டு தரம் சொன்னீர்கள். அது இன்னும் என் காதில் கேட்கிறது.

அல்ஜிப்ராதான் எனக்கு விளங்குவதேயில்லை. இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் x நிற்கிறது. கூட்டலா கழித்தலா என்று பார்ப்பதற்குள் கண் இருட்டிவிடுகிறது. அறுபது பேருக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன்?

என்னை எழுப்பிக் கேட்காதீர்கள். முகம் பார்த்துச் சொல்ல ஏலாமல்தான் எழுதுகிறேன்.

ஷெரோமி

---

4 மே, ஞாயிறு

அம்மா,

ஐந்து நாளாகப் பதில் இல்லை. ரைஸ் குக்கருக்குக் கீழே நான் வைத்த கடிதத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், அது எனக்குத் தெரியும். குக்கருக்குப் பக்கத்தில் முட்டைப் பொரியல்தான் இருந்தது. பேசினால் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்கிறீர்கள்.

ஏசுங்கள். வீடு கூட்டுகிற தும்புக்கட்டையால் அடித்தாலும் பரவாயில்லை. இப்படிச் சத்தமில்லாமல் மட்டும் இருக்காதீர்கள். ஈஸ்டர் முடிந்த பிறகும் திங்களும் புதனும் பாட்டுப் பயிற்சி என்று போகிறீர்களே, அங்கே இருந்து எனக்காக அழுகிறீர்களா? ஃபாதரிடம் சொல்லிவிட்டீர்களா?

இன்னொன்று. அந்த இரண்டு நாளும் என் கல்குலேட்டரைக் காணவில்லை. மறுநாள் மேசையில் இருக்கிறது. எனக்கு மூளை குழம்பிவிட்டதோ என்றுகூடப் பயமாக இருக்கிறது.

எதையாவது எழுதுங்கள்.

ஷெரோமி

---

5 மே, திங்கள் காலை

என் குஞ்சுக்கு,

உன் மூளை குழம்பவில்லை. கல்குலேட்டரை எடுத்தவள் நான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவள் நீ மட்டுமில்லை, நானும்தான். பாட்டுப் பயிற்சி ஈஸ்டரோடு முடிந்துவிட்டது. அதற்கு முன்பும் பாதி நாள் நான் அங்கே போகவில்லை. பெப்ரவரியிலிருந்து வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக் கணக்குப் படிக்கிறேன். ஊரில் படித்ததற்கும் இங்கே வேலை செய்ததற்கும் மற்றக் கிரெடிட்டுகளைத் தந்துவிட்டார்கள். இது ஒன்றுதான் மிச்சம். முதியோர் இல்லச் சமையலறையில் என்னை நிரந்தரமாக வைத்திருக்க டிப்ளோமா வேண்டுமாம். டிசம்பர்வரை பொறுப்பேன் என்று மனேஜர் சொல்லியிருக்கிறார். ஊரில் பதினாறு வயதில் ஓ.எல். சோதினை எழுத வேண்டிய வருடம் யுத்தத்தால் இடம்பெயர்ந்து ஓடியவள் நான். நாற்பத்தாறு வயதில் இந்த x-இடம் வந்து மாட்டியிருக்கிறேன்.

உன் ரீச்சர் சொன்னதில் 'பெயில்' விளங்கியது, 'கிரெடிட்' விளங்கியது, 'கிராஜுவேட் பண்ண ஏலாது' என்றதும் விளங்கியது. அதற்கு முதல் நாள், புதன்கிழமை, என் ரீச்சர் அதே வசனத்தைத்தான் எனக்குச் சொன்னார்.

உன்னை அங்கேயே பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் "உங்களுக்கு எப்பிடி விளங்கினது?" என்று நீ கேட்பாய். 'அம்மாவும் பெயில்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே சொல்லட்டும் என்று கடிதம் எழுதினேன். நீ உண்மையைச் சொன்ன பிறகு என் பயம் இன்னும் கூடிவிட்டது. இனி நானும் சொல்ல வேண்டுமே! அதற்குத்தான் ஐந்து நாள் எடுத்தது. மன்னித்துக்கொள்.

x² − 7x + 12. இதைக் காரணிப்படுத்தினால் மூன்றும் நாலும் என்று தெரிகிறது. ஆனால் அந்தக் கழித்தல் ஒன்றுக்கா இரண்டுக்குமா? இரண்டு நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

அம்மா

---

5 மே, திங்கள் மாலை

அம்மா,

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கோபம். தெரிந்துகொண்டே என்னைப் பதினொரு நாள் பயத்தில் விட்டீர்கள். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறகு உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். காலையில் நாலரைக்கே குசினியில் லைட் எரிவது எதற்கென்று இப்போதுதான் தெரிகிறது. பாவம் அம்மா நீங்கள்.

கழித்தல் இரண்டுக்கும். பெருக்கினால் கூட்டல் பன்னிரண்டு வரவேண்டும், கூட்டினால் கழித்தல் ஏழு வரவேண்டும். போன சோதினையில் நான் ஒன்றுக்கு மட்டும் போட்டுப் பிழைவிட்டேன், அதனால் இது மறக்காது.

இனி அறைக்குள் இருந்து படிக்கமாட்டேன், சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். கல்குலேட்டர் நடுவில் இருக்கட்டும். புனிதவதி அன்ரியிடம் மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். எனக்கு இன்னும் பயம்தான்.

ஷெரோமி

---

27 ஜூன், வெள்ளி காலை

என் ஷெரோமிக்கு,

ஐம்பத்துமூன்று! இதைவிடப் பெரிய இலக்கத்தை நான் கண்டதில்லை. நேற்று மேடையில் உன் பேரைக் கூப்பிட்டபோது லெஸ்லி, லெஸ்லி என்று உன் அப்பாவை வாய்க்குள் கூப்பிட்டேன். இருந்திருந்தால் முன் கதிரையில் ஏறி நின்றிருப்பார்.

நாளைக்குப் பார்ட்டி. நீ தைரியமாக நிற்கலாம். ஆனால் அதற்கு முதல் இதை எழுதத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை "உங்கட ரிசல்ட் என்ன அம்மா?" என்று கேட்டாய். "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்றேன். நீ சிரித்தாய். அது உன் வசனம்தான், நான் இரவல் வாங்கியது. உண்மையில் எனக்கு நாற்பத்தாறு. உன் விழா முடியட்டும் என்று ரிசல்ட் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளை. செப்ரெம்பரில் இன்னொரு தரம் சோதினைக்கு இருக்கலாமாம். அதுதான் கடைசி. அதிலும் பெயிலானால் டிசம்பரோடு வேலை போய்விடும். வரும் திங்கள் நாலு மணிக்கு ரீச்சர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வரலாமாம். பயம் வந்தால் எனக்குத் தெரிந்த இங்கிலீசும் ஓடிவிடும்.

நீ வா. பக்கத்துக் கதிரையில் இரு. அவர் என்ன சொன்னாலும், ஒரு சொல் விடாமல், அப்படியே எனக்குச் சொல்லு.

அம்மா