டீச்சர் கையில் உங்கள் கால்

என்னங்க,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? சுகர் மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் கேட்டபடி உள்ளங்காலைப் படமெடுத்து அனுப்பினீர்கள். புண் இல்லை, சந்தோஷம். ஆனால் குதிகாலைத் தாங்கியிருந்த நகப்பூச்சு விரல்கள் யாருடையவை என்று போனில் கேட்டால், "பக்கத்து வீட்டு டீச்சர்தான் தினமும் வந்து பாத்துட்டுப் போறாங்க" என்றீர்கள். தினமுமா? அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் காலைத் தொட்டாலே "கூசுது, விடுடி" என்று உதறுவீர்கள். அவள் கையில் மட்டும் அது சமர்த்தாக இருக்கிறது.

இந்த ஆத்திரத்தோடுதான் நேற்று வேலைக்குப் போனேன். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கும் சுகர்தான். அவர் ஷூவைக் கழற்றினால் உள்ளே ஒரு சட்டைப் பொத்தான். காலையிலிருந்து அது தெரியாமலே மிதித்து நடந்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை, லேசாகச் சிவந்திருந்தது. உள்ளங்காலை வருடிப் பார்த்தேன். அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உங்கள் கால் ஞாபகம் வந்துவிட்டது.

இங்கே மெத்தென்ற செருப்பு கிடைக்கிறது. காகிதத்தில் காலை வைத்து அளவு வரைந்து அனுப்புங்கள். நீங்களே வரையுங்கள், டீச்சர் வேண்டாம்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் டீச்சரைக் கூப்பிடுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அவள் உள்ளங்காலை வருடட்டும். கூசியது என்று எழுதினால் எனக்கு வயிறு எரியும். எரிந்தால் எரியட்டும், அப்படியே எழுதுங்கள்.

உங்கள் மனைவி