பட்டியலில் கடைசிப் பெயர்

பிடிவாதம் பிடித்தே போய்ச்சேர்ந்த என் அருமை மச்சான் நேசனுக்கு,

நீ பாட்டுக்குப் போய்விட்டாய். தை மாதக் குளிரில் உன்னை எரித்துவிட்டு வந்து, உன் வீட்டு முன்னறையில் ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். கோப்பையை வாயில் வைக்கவில்லை, சங்கச் செயலாளர் குகன் வந்து பக்கத்தில் குந்திவிட்டான்.

"அண்ணை, இந்த நேரத்திலை கேக்கக் கூடாதுதான். எண்டாலும் இந்த வருசம் பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

எந்தப் பிள்ளைகள் என்று கேட்டேன். அடுப்படியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். ஹொக்கிப் பிள்ளைகளாம். "நீங்கள்தானே எப்பவும் மாஸ்டரோடை மைதானத்திலை நிண்டனீங்கள்" என்றான்.

நின்றேன்தான். உனக்குக் கார் ஓடத் தெரியாது, அதனால் நின்றேன். உன் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை ஏற்றி இறக்கினேன், ஃபிளாஸ்கைப் பிடித்தேன், மழை வந்தால் குடையையும் பிடித்தேன். அதற்காக என்னைத் தேர்வாளன் ஆக்குவதா? கல்யாண வீட்டுக்குக் கார் ஓடிப் போனவனைத் தாலி கட்டச் சொன்ன கதையாக இருக்கிறது. ஆனால் செத்த வீட்டில் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படித்தான் இதை என் தலையில் கட்டினார்கள்.

நீ போட்டு வைத்த ஒழுங்கை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், எனக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறது என்று பார். லண்டனில் மனோர் பார்க்கிலிருந்து கிங்ஸ்பரி வரை நாலு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள். அவற்றின் பெண் பிள்ளைகளுக்குக் கோடையில் ஒரு ஹொக்கிச் சுற்றுப்போட்டி, பதினாறு வயது வரைக்கும். ஆரம்பத்தில் ஊர் ஊராகப் பிரிந்து விளையாடப்போய், பிள்ளைகளை விடப் பெற்றோர்தான் அதிகம் அடிபட்டார்கள். பிறகு நீ எல்லாரையும் ஒரே கூட்டமாக்கி, வசந்தகாலம் முழுக்க விளையாட வைத்துப் பார்த்து, திறமைப்படி வரிசைப்படுத்தினாய். நாலு நாலு பெயராக ஒரு வரி. நாலு அணித் தலைவிகளும் ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒவ்வொருத்தியை எடுக்க வேண்டும். நீ அதற்கு ஆள் பிரிப்பு என்று பெயர் வைத்தாய். பெற்றோர் ஏலம் என்கிறார்கள்.

இந்தப் பெற்றோரை நீ எப்படிச் சமாளித்தாய்? நான் தபால்காரன். விடியமுன் ஃபாரஸ்ட் கேட் தபாலகத்தில் கடிதங்களை அடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியவன், இருட்டினால் படுத்துவிடுவேன். நான் படுக்கிற நேரம் பார்த்துத்தான் ஃபோன் அடிக்கத் தொடங்கும். கிங்ஸ்பரி மூர்த்தியை உனக்குத் தெரியும்.

"அண்ணை, என்ரை மகள் கணக்கிலை வகுப்பிலையே முதலாம் பிள்ளை. போன வருசம் அவளை ரெண்டாம் வரியிலை போட்டிருக்கு. இது என்ன ஞாயம்?"

"ஹொக்கிக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம், மூர்த்தி?"

"எல்லாம் மூளைதானே அண்ணை."

ஃபோனை வைத்தால் அடுத்தது. வரிசையில் மேலே வருவதற்கு யாராவது டியூஷன் கொடுக்கிறார்களா என்று ஒரு தாய் கேட்டார். இன்னொருவர் முருகன் கோயிலில், தீபாராதனை நடக்கும்போது, என் காதுக்குள் வந்து நின்றார். "அண்ணை, என்ரை பிள்ளையைக் கொஞ்சம் கீழை போடுங்கோ. வெல்லுற டீமிலை போனாளெண்டால் ஃபைனல் அவளின்ரை டான்ஸ் அரங்கேற்றத்தண்டு வந்து நிக்கும்." நான் முருகனைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு நின்றார்.

நீ என்னிடம் விட்டுப்போனது ஒரே ஒரு வசனம்தான். பந்தைப் பார்க்காதே, பந்தைப் பறிகொடுத்த பிறகு பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார் என்பாய். நீ சொல்லும்போதெல்லாம் நான் ஃபிளாஸ்க் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மழையில் நிற்கிறேன்.

சரி, இதெல்லாம் சில்லறைத் தொல்லை. என் உண்மையான கோபம் எதில் என்று உனக்குத் தெரியாதா? அபிதான். உன் மகள் அபிராமி. உன் பட்டியலில் வருசா வருசம் கடைசிப் பெயர்.

எத்தனை முறை இதற்காகக் காருக்குள் சண்டை பிடித்திருக்கிறோம்! நோர்த் சேர்க்குலர் வீதி நெரிசலில் நின்றுகொண்டு, பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்க அடிக்க நான் கத்தியிருக்கிறேன். நீ வெளியே பார்த்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்வாய். "சொந்தப் பிள்ளையை முன்னுக்குப் போட்டான் எண்டு சனம் கதைக்கும். என்ரை பிள்ளையெண்டால் அவள் கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும்." யார் அந்தச் சனம் என்று கேட்டால் ரேடியோவைத் திருகுவாய். அவள் ஒரு நாளும் உன்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அணித் தலைவிகள் முதல் வரியில் யார் முதலில் எடுப்பது என்று ஒரு வருசமும் அடிபட்டதில்லை. கடைசி வரிக்குத்தான் அடிபாடு! ஆள் பிரிப்புக்கு முன்னமே மண்டபத்தின் பின்பக்கம் போய் அதற்குக் காசு சுண்டுவார்கள். நடு ஆட்டத்துக்கு அபி கிடைத்தால் பாதிப் போட்டி வென்ற மாதிரி என்று அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும். உனக்குத் தெரியாமல் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். இல்லை, தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தாயா?

இந்த வருசம் விஷயம் பெரிதாகிவிட்டது. பங்குனி முடிவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஃபோன் பண்ணினார். கவுண்டி, அதாவது மாவட்ட, ஜூனியர் அணியின் பயிற்சியாளர். எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஏதோ பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருக்கிறார். எல்லாரையும் பார்க்க அவருக்கு நேரமில்லை, எங்கள் பட்டியலின் முதல் நாலு பேரையும் தெரிவுக்கு அனுப்பினால் போதும் என்றார். இத்தனை வருசத்தில் யாரும் எங்களைத் தேடி வந்ததில்லை. அடுத்த வருசம் அபிக்கு வயது கடந்துவிடும். அவளுக்கு இருந்தது இந்த ஒரு வாய்ப்புத்தான்.

கூட்டம் போட்டார்கள். குகன் கண் கலங்க எழும்பினான். "தேப்பன் இல்லாத பிள்ளை, பாவம். இந்த முறை அவளை முதலாவதாய்ப் போடுவம்." எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது உன் மனைவி எழும்பினாள். "வேண்டாம் அண்ணை. அவர் போட்ட இடத்திலையே இருக்கட்டும். அவர் போன கையோடை மேலை ஏத்தினால் சனம் என்ன சொல்லும்?" உடனே அதற்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். உன்னுடைய ஞாபகார்த்தமாக அவளைக் கடைசியிலேயே வைப்பதுதான் மரியாதை என்று ஒருவர் பேசவும் தொடங்கிவிட்டார். நான் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். நின்றிருந்தால் யாரையாவது அடித்திருப்பேன்.

வாசல் படியில் அபி இருந்தாள். உள்ளே பேசியது முழுக்கக் கேட்டிருக்கிறது. நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன்.

"மாமா, பாவம் பாத்து மேலை போடாதேங்கோ. ப்ளீஸ்."

"அப்ப கடைசியிலையே இருக்கப் போறியோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை." கொஞ்ச நேரம் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். "அப்பா சனத்தைப் பாத்தார். நீங்கள் எல்லாரும் அப்பாவைப் பாக்கிறியள். என்ரை கேமை ஒருத்தரும் பாக்கேல்லை மாமா."

மச்சான், அதைக் கேட்டபோது எனக்கு உன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் மேலும்தான். குடையைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருசம் நின்றவனுக்கு, அவள் எப்படி விளையாடுகிறாள் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் பார்த்தேன். சித்திரை முழுக்கப் பார்த்தேன். ஃபோன் வயரைக் கழற்றி வைத்தேன். ஃபிளாஸ்கைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனேன். உன் வசனத்தின்படி பந்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தேன். பந்து பறிபோனதும் மூர்த்தியின் மகள் நின்று தகப்பனைத் திரும்பிப் பார்க்கிறாள். அனு ஸ்டிக்கால் நிலத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு ஓடுகிறாள், ஓடினால் பிடித்துவிடுகிறாள். போன வருசம் ஊரிலிருந்து வந்த தர்சினி பறிகொடுத்தது மாதிரியே காட்டிக்கொள்வதில்லை, எதிராளி நிமிரும்போது பந்து மறுபடி அவளிடம் இருக்கிறது. அபி வித்தியாசம். பந்து போன அந்தக் கணமே மற்றவர்களுக்குக் கை காட்டத் தொடங்குகிறாள். நீ அங்கே போ, நீ இவளை மறி என்று. அவள் சொன்ன இடத்தில் பந்து வந்து நிற்கிறது. மழையில் நனைந்துகொண்டு நான் தனியே சிரித்தேன், பார்த்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் இடப்பக்கம் அவளுக்குப் பலவீனம். அதையும் பார்த்தேன்.

சித்திரைக் கடைசி ஞாயிறு, மண்டபம் நிறையச் சனம். பட்டியலை நான்தான் வாசித்தேன். முதலாவது தர்சினி. இரண்டாவது அனு. மூன்றாவது அபிராமி நேசன்.

உன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு முன்வரிசையில் இருந்த அணித் தலைவிகளில் ஒருத்தி கை உயர்த்தினாள். "அங்கிள், அப்ப இனிக் கடைசி வரிக்குக் காசு சுண்டத் தேவையில்லையோ?" பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீ பயந்ததும் நடந்தது. தன் மகளின் பெயரை ஐந்தாவதாக, இரண்டாம் வரியின் தலைப்பில் வாசித்ததும் மூர்த்தி எழும்பினான். "சொந்தக்காரப் பிள்ளையை ஏத்திப் போட்டாச்சு! மாஸ்டர் இருக்கேக்கை இப்பிடி நடந்ததோ?" பின்னால் இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்றார்கள். "மாஸ்டர் பிழை விட்டவர், நான் திருத்தியிருக்கிறன். சந்தேகமெண்டால் ஒரு ஞாயிறு மைதானத்துக்கு வந்து பாருங்கோ" என்றேன். முணுமுணுப்பு எழும்பியது. அந்த நேரம் பின்கதவால் பற்றீஸ் பலகாரத் தட்டு வந்தது. சூடாக இருந்ததால் எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள், மூர்த்தியும் போனான். போகிற வழியில் எனக்கும் ஒன்று எடுத்துத் தந்தான்.

அவ்வளவுதான் நேசன். நீ இத்தனை வருசம் பயந்த சனத்தின் கதை பற்றீஸ் தட்டு வரும் வரைக்கும்தான் நின்றது. அதற்காகவா அந்தப் பிள்ளையைக் கடைசியில் நிறுத்தி வைத்தாய்?

திரும்பி வரும்போது அபி முன் சீட்டில் இருந்தாள். உன் சீட்டில். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏன் மாமா மூண்டாவது?"

"இடப்பக்கம் வாற பந்துக்கு ஸ்டிக்கைத் திருப்ப முன்னம் காலைக் குடுத்து ஃபவுல் வாங்கிறாய்."

"நான் அப்பிடிச் செய்யிறேல்லை!"

"செய்யிறாய்."

"அனுவும்தான் செய்யிறாள்!"

"அனு குறைச்சுக்கொண்டு வாறாள். நீ குறைக்கேல்லை."

வீட்டு வாசல் வரைக்கும் சண்டை பிடித்தாள். முகம் சிவந்து, டாஷ்போர்டில் அடித்து, என்னை அநியாயக்காரன் என்று சொல்லி. அவள் தன் இடத்துக்காகச் சண்டை பிடித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

காரை நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாள். "அப்பா எண்டால் என்னை எங்கை போட்டிருப்பார்? சனத்துக்காக இல்லை. உண்மையா."

எனக்கு எப்படித் தெரியும்?

உனக்குத் தெரியும். அத்தனை பிள்ளைகளையும் எடைபோட்ட உன் கண் சொந்த மகளை மட்டும் பார்க்காமல் விட்டிருக்காது. மனத்துக்குள் அவளுக்கு ஒரு இலக்கம் வைத்திருந்திருப்பாய். ஒரு தரம், ஒரே ஒரு தரம், அதை அவள் காதில் சொல்லியிருக்கக்கூடாதா? ஊர் கேட்கிற மாதிரி வேண்டாம், சாப்பாட்டு மேசையில் சோற்றைப் போடும்போது சொல்லியிருக்கலாமே. எத்தனையாவது, நேசன்? சொல்லித் துலையன்.

வருகிற ஞாயிறு கவுண்டித் தெரிவு. நான்தான் காரோட்டம். உன் குடையைப் பின்சீட்டில் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே பார்க்கப்போகிறவர்களுக்கு அவள் யாருடைய மகள் என்று தெரியாது, அது எனக்கு ஒரு நிம்மதி. எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, அவள் விளையாடுகிற காலம் வரைக்கும் நான் கோட்டோரம் நிற்பேன். பார்த்ததைப் பார்த்தபடி அவள் முகத்துக்கு நேரே சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. மூன்றாவது இடம் பிழை என்றால் கனவிலாவது வந்து என்னோடு சண்டை பிடி, அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் தங்கையின் புருஷன்,
அபியின் மாமா.