சாந்தாம்மாவின் மேல் போர்ஷன்

பிப்ரவரி 4, ஞாயிறு
சைனிக்புரியில் அந்தப் பழைய ரோ ஹவுஸை விலை பேசி முடித்துவிட்டோம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், மாடியில் ஒழுகல், குளியலறையில் பாசி. சரிசெய்து, மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன் ஆக்கி வாடகைக்கு விடுவது திட்டம்.

வீட்டுக்காரர் சாந்தாம்மா, தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கணவர் தவறிவிட்டார். மகன் உமேஷ், பட்டான்செருவில் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறானாம். "இடிச்சுக் கட்டறேன்னு பில்டருங்க வந்தாங்க, நக்கோ, வேணாம்னுட்டேன். நீ இங்க குடியிருப்பியாம்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் ஷ்யாம் வாய் திறப்பதற்குள், "நாங்கதான் இருக்கப் போறோம்" என்று முந்திக்கொண்டேன். ஏன் சொன்னேன்? வீடு கைநழுவிவிடக் கூடாது. வேறென்ன.

பிப்ரவரி 19
"சும்மா ஒரு வார்த்தைதானே, விடு சாரு" என்கிறார் ஷ்யாம். பொய் சொன்னது அவரில்லையே.

மார்ச் 10, ஞாயிறு
வாடகைக்கு விடப்போகும் வீட்டில் எதற்குப் பால் காய்ச்ச வேண்டும்? ஆனால் சாந்தாம்மா கேட்டுவிட்டார். கொண்டாப்பூரில் நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து கேஸ் அடுப்பு, குத்துவிளக்கு, ஜமக்காளம் எல்லாவற்றையும் காரில் ஏற்றிப் போனோம். பால் அவரே வாங்கி வந்தார். பொங்கி வழிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி எனக்குக் கவலயில்ல" என்றார்.

அவர் போனதும் அடுப்பை மறுபடி டிக்கியில் ஏற்றினோம். சாமி விளக்குக்கு முன்னாலேயே நடித்தாயிற்று. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 2
சமையலறைச் சுவரை இடித்தார்கள். நான் போகவில்லை.

ஜூன் 16
கீழே ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். மேலே இன்னும் காலி. கேட்டில் டு-லெட் பலகை.

ஜூன் 23
சாந்தாம்மா போன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது – எடுத்தேன். டாக்டரைப் பார்க்க அந்தப் பக்கம் வந்தவர் பலகையைப் பார்த்திருக்கிறார்.

"வாடகைக்கு விடறதுன்னு அப்பவே சொல்லிருந்தா, நானே இருந்திருப்பேனேம்மா. உமேஷ் வீட்ல எனக்கு ஒத்துவரல. மேல் போர்ஷன எனக்குத் தர முடியுமா?"

ஐயோ. திட்டியிருக்கலாம்ல? நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

ஜூன் 25
வயசானவர், மாடிப்படி, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று ஷ்யாம் அடுக்கினார். நாம்தான் பொறுப்பு என்றேன். வாடகை வேண்டாம் என்று சாந்தாம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நக்கோ. ஓசில இருக்க என்னால ஆகாது" என்றுவிட்டார்.

ஜூலை 14, ஞாயிறு
ஆடி பிறப்பதற்குள் சாந்தாம்மா குடிவந்துவிட்டார். ஷ்யாம் எல்லாருக்கும் போடும் அதே ஒப்பந்தத்தை நீட்டினார். நிதானமாகப் படித்தார் சாந்தாம்மா. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவர் போட்டோ ஒண்ணு மாட்டணும். ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கலாமா, மேடம்?"

ஷ்யாம் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் அனுமதி கொடுத்தேன்.